செட்டப் நேரத்தைக் குறைத்துக் கொடுத்த லீன் ஆலோசனைச் சேவை: ஒரு மதிப்பீடு

வார்ப்புப் பாகங்களை வாங்கி, லேத்திலும் சிஎன்சி இயந்திரங்களிலும் கடைந்து, துளையிட்டு, அசெம்பிளி செய்து அனுப்பும் நடுத்தர அளவிலான தொழிற்கூடம் ஒன்றின் உற்பத்திப் பிரிவில் பொறுப்பு வகிப்பவன் என்ற முறையில், எங்கள் நிறுவனம் ஓராண்டு ஒப்பந்தத்தில் பெற்ற லீன் (வீணாக்கத்தைக் களைந்து உற்பத்தி செய்யும் முறை) ஆலோசனைச் சேவையைப் பற்றி எழுதுகிறேன். ஆலோசனை நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தின் அருகே நின்று அவர்கள் செய்த பணி முதல்தரமானது. ஆனால் அந்தப் பணியால் மிச்சமான நேரத்தை என்ன செய்வது என்ற கேள்வி அவர்களுடைய திட்டத்தில் இடம்பெறவே இல்லை. இச்சேவையை வாங்க நினைப்பவர்கள் இந்த ஒரு கேள்வியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

வந்தவர்கள் வகுப்பறையில் படக்காட்சியோடு தொடங்காமல் நேராக ஷாப் ஃப்ளோருக்கு வந்தது எனக்குப் பிடித்திருந்தது. டொயோட்டா உற்பத்தி முறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான தாயிச்சி ஓனோ, பொறியாளர்களைத் தரையில் சாக்பீஸால் வரைந்த வட்டத்துக்குள் நிறுத்தி, தளத்தில் நடப்பதைத் தாங்களாகக் கண்டுபிடிக்கும்வரை கவனிக்க வைத்தவர். அந்த மரபை இவர்கள் உண்மையாகவே பின்பற்றினார்கள். வார்ப்பு உள்ளே வரும் வாயிலிலிருந்து பெட்டி வண்டியில் ஏறும் இடம்வரை ஒரு பாகத்தின் பாதையைக் காலால் நடந்தே வரைந்தார்கள். அந்த வேல்யூ ஸ்ட்ரீம் வரைபடத்தில், பாகத்தின்மீது உண்மையில் வேலை நடக்கும் நேரம் நிமிடங்களிலும், அது தட்டுகளில் காத்திருக்கும் நேரம் நாட்களிலும் வந்து நின்றது. இதைப் புரியவைக்க அவர்கள் பயன்படுத்தியது, ஜான் லிட்டில் 1961ஆம் ஆண்டில் நிரூபித்த எளிய விதி: ஓர் அமைப்புக்குள் சராசரியாக நிற்கும் எண்ணிக்கையை, அது வெளியேறும் வேகத்தால் வகுத்தால், ஒவ்வொன்றும் உள்ளே தங்கும் காலம் கிடைக்கும். நாளொன்றுக்கு 500 பாகங்கள் வெளியேறும் லைனில் 6000 பாகங்கள் நடுவில் கிடந்தால், இன்று நுழையும் பாகம் வெளியேற 12 நாட்கள் ஆகும். எந்த ஆபரேட்டரை எவ்வளவு வேகமாக ஓடச் சொன்னாலும், நடுவில் கிடப்பது குறையாமல் இந்தக் கணக்கு மாறாது. இந்த விளக்கத்தைக் கேட்ட எங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசர்கள் அன்றே தங்கள் பகுதித் தட்டுகளை எண்ணத் தொடங்கியதைச் சேவையின் முதல் வெற்றியாகக் கருதுகிறேன்.

பணியிடத்தை ஒழுங்குபடுத்தும் ஃபைவ் எஸ் பணியைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. தேவையற்ற பொருட்களுக்குச் சிவப்புச் சீட்டு கட்டுவது, கருவிகளுக்கு நிழல் பலகை அமைப்பது, பாதைகளுக்கு மஞ்சள் கோடு இடுவது ஆகிய அனைத்தும் ஒழுங்காக, திட்டமிட்ட காலத்துக்குள் முடிந்தன. இதை எந்த நல்ல நிறுவனமும் செய்து தரும்.

சேவையின் உச்சம் செட்டப் நேரக் குறைப்பில்தான் இருந்தது. ஒரு பாகத்திலிருந்து மற்றொரு பாகத்துக்கு இயந்திரத்தை மாற்றியமைக்கும் வேலையை, ஆபரேட்டரின் அனுமதி பெற்று, முழுமையாகக் காணொளியாகப் பதிவு செய்தார்கள். பிறகு அதே ஆபரேட்டரை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு செயலையும் இயந்திரம் நின்றிருக்கும்போது மட்டுமே செய்யக்கூடியது, ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்து வைக்கக்கூடியது என்று இரண்டாகப் பிரிக்கச் சொன்னார்கள். ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ வகுத்த முறையின் அடித்தளம் இந்தப் பிரிவினைதான். 1969ஆம் ஆண்டில் டொயோட்டாவின் 1000 டன் பிரஸ் ஒன்றில் நான்கு மணி நேரம் எடுத்த அச்சு மாற்றத்தை அவர் முதலில் ஒன்றரை மணி நேரமாகவும், பின்னர் மூன்று நிமிடமாகவும் குறைத்தார். இந்த வரலாற்றை ஆலோசகர் சொன்னபோது நம்ப மறுத்த எங்கள் டூல் ரூம் ஆட்கள், தங்கள் காணொளியைப் பார்த்த பிறகு மறுப்பை நிறுத்தினார்கள். மாற்றத்துக்கு ஆகும் நேரத்தின் பெரும்பகுதி பொருத்துவதிலோ இறுக்குவதிலோ செல்லவில்லை. பாகத்தைப் பிடித்துவைக்கும் ஃபிக்ஸ்சரைத் தேடுவது, கிரேனுக்குக் காத்திருப்பது, சரியான ஆலன் கீ இல்லாமல் பக்கத்து இயந்திரத்துக்கு நடப்பது, முதல் பாகத்தை எடுத்துக்கொண்டு தரச்சோதனை அறை வாசலில் நிற்பது ஆகியவற்றிலேயே அது கரைந்துகொண்டிருந்தது.

தீர்வுகளை ஆலோசகர்கள் தாங்களே வரைந்து கொடுத்துவிட்டுப் போகவில்லை என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரு போல்ட்டை இறுக்குவது அதன் கடைசிச் சுற்று, தளர்த்துவது முதல் சுற்று, நடுவிலுள்ள சுற்றுகள் எல்லாம் வீண் என்ற ஷிங்கோவின் கவனிப்பை மட்டும் சொல்லிவிட்டு, இங்கே அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஆபரேட்டர்களிடமே கேட்டார்கள். போல்ட்டை முழுதாகக் கழற்றாமல் கால் சுற்றில் விடுவிக்கும் துளை வடிவத்தை ஒருவர் முன்வைத்தார். உயரம் வெவ்வேறாக இருந்த ஃபிக்ஸ்சர்களின் அடியில் தடிமன் கட்டைகளை நிரந்தரமாகப் பொருத்தி எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவரலாம், அப்போது ஒவ்வொரு முறையும் அளவு சரிபார்க்க வேண்டியதில்லை என்று மற்றொருவர் சொன்னார். அடுத்த பாகத்துக்கான டூல்களை முன்கூட்டியே நீளம் அளந்து, தள்ளுவண்டியில் வரிசையாக அடுக்கி, மாற்றத்துக்கு முன்பே இயந்திரத்தருகே நிறுத்தும் வழக்கம் வந்தது. முதல் பாகச் சோதனைக்குத் தேவையான கேஜ்களை இயந்திரத்தருகிலேயே வைத்து, சோதனையாளர் அங்கே வரும் ஏற்பாட்டைச் செய்ததுதான் எல்லாவற்றிலும் அதிக நேரத்தை மிச்சப்படுத்தியது. அதற்குச் செலவு ஏதும் ஆகவில்லை. மணி நேரத்தைத் தாண்டிக்கொண்டிருந்த மாற்றம் கால் மணி நேரத்தை நெருங்கியது.

சிக்கல் இந்த இடத்தில்தான் தொடங்கியது.

மாத அறிக்கையில் ஆலோசகர்கள் ஒவ்வொரு மாற்றத்திலும் மிச்சமான நிமிடங்களைக் கூட்டி, அதை இயந்திர மணி விலையால் பெருக்கி, இவ்வளவு பணம் சேமிக்கப்பட்டது என்று காட்டினார்கள். எண் பெரிதாக இருந்தது, நிர்வாகம் மகிழ்ந்தது. ஆனால் உற்பத்தித் திட்டமிடல் அலுவலகம் பழைய தொகுதி அளவுகளையே தொடர்ந்தது. மாற்றம் மணிக்கணக்கில் ஆன காலத்தில், ஒருமுறை மாற்றினால் பல நாட்களுக்குத் தேவையானதை ஓட்டிவிட வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்ட அளவுகள் அவை. அந்தக் காரணம் மறைந்த பிறகும் அளவு மறையவில்லை. விளைவாக, மிச்சமான நேரத்திலும் இயந்திரங்கள் அதே பாகத்தை மேலும் ஓட்டின. யாரும் கேட்காத பாகங்கள் தட்டுகளில் ஏறின. ஃபைவ் எஸ் பணியில் காலி செய்து மஞ்சள் கோடிட்ட அதே பாதைகளில் அந்தத் தட்டுகள் வந்து நின்றன. டொயோட்டா முறை சொல்லும் ஏழு வகை வீணாக்கங்களில் அதிக உற்பத்தியையே ஓனோ மிகக் கொடியதாகக் கருதினார். காத்திருப்பு, நகர்த்தல், இருப்பு ஆகிய மற்ற வீணாக்கங்களை அது தன்னோடு அழைத்து வருவதும், அவற்றைக் கண்ணுக்குத் தெரியாமல் மூடி வைப்பதும் அதற்குக் காரணம். சேமிப்பு என்று அறிக்கை சொன்ன நேரம், கிடங்கில் இரும்பாக மாறிக் கிடந்தது.

செட்டப் நேரம் குறைவதன் முழுப் பயன் தொகுதி அளவு குறையும்போதுதான் கிடைக்கிறது. ஃபோர்ட் ஹாரிஸ் 1913ஆம் ஆண்டில் வெளியிட்ட பழைய சிக்கன அளவுச் சூத்திரமே இதைச் சொல்லிவிடுகிறது. மாற்றத்துக்கான செலவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால், பொருத்தமான தொகுதி அளவு பாதியாகக் குறைய வேண்டும். மாற்றத்துக்கென நாம் ஏற்கெனவே ஒதுக்கிவந்த மொத்த நேரத்தை அப்படியே வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தால், நான்கு மடங்கு அதிகமுறை மாற்றி, தொகுதியை நான்கில் ஒரு பங்காகவே ஆக்கிவிடலாம். அப்போது வாடிக்கையாளர் கேட்கும் பாகம் அடுத்த வாரம் வரை வரிசையில் நிற்காமல் நாளையே இயந்திரத்தில் ஏறும். பிழை ஏற்பட்டாலும் ஆயிரம் பாகங்கள் கெட்ட பிறகு தெரியாமல், அடுத்த நிலையத்தில் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். இந்தக் கணக்கு ஆலோசகர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆயினும் திட்டமிடல் அலுவலகம் ஒப்பந்தத்தின் எல்லைக்குள் இல்லை என்பதால் அவர்கள் அதைத் தொடவில்லை.

அவர்கள் தேர்ந்த அளவுகோலும் இதே திசையில் தவறாக இழுத்தது. இயந்திரங்களின் ஓ.இ.இ. (ஒட்டுமொத்தச் செயல்திறன்) எண்ணைத் திரையில் ஓடவிடும் மென்பொருளைச் சேவையின் ஒரு பகுதியாக அமைத்துக் கொடுத்தார்கள். இயங்கும் நேரம் 90 சதவீதம், வேகம் 95 சதவீதம், தரம் 99 சதவீதம் என்றால் மூன்றையும் பெருக்கி வரும் ஏறத்தாழ 85 சதவீதம் உலகத் தரம் என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. எங்கள் திரையிலும் அந்தக் கோடு வரையப்பட்டிருந்தது. ஓர் இயந்திரம் எங்கே நேரத்தை இழக்கிறது என்று கண்டறிவதற்கு இது அருமையான கருவி. ஆனால் மாற்றத்துக்கு ஆகும் நேரம் இந்த எண்ணில் இழப்பாகப் பதிவாகிறது. சிறு தொகுதியாக ஓட்டி, அடிக்கடி மாற்றும் சூப்பர்வைசரின் எண் இறங்கும். ஒரே பாகத்தை ஷிஃப்ட் முழுவதும் ஓட்டிக் கிடங்கை நிரப்பும் சூப்பர்வைசரின் எண் ஏறும். வாராந்தரக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் இந்த எண் வாசிக்கப்படும்போது, மனிதர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஓ.இ.இ. எண்ணைக் காட்டும் திரையில், ஒவ்வொரு பாகத்துக்கும் எத்தனை நாள் இருப்பு நிற்கிறது என்பதையும் அருகிலேயே காட்டாத எந்த மென்பொருளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதை எடுத்துச் சொன்னபோது தலைமை ஆலோசகர் தற்காப்புக்குப் போகவில்லை என்பதை நியாயமாகப் பதிவு செய்ய வேண்டும். தங்கள் ஒப்பந்தம் இயந்திர நேரத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்டது என்பதை ஒப்புக்கொண்டு, திட்டமிடல் பொறுப்பாளரை அடுத்த கூட்டத்துக்கு அழைத்துவரச் சொன்னார். ஒப்பந்தத்தில் இல்லாதபோதும், ஒரு பாகக் குடும்பத்துக்கு மட்டும் கான்பன் அட்டைகளை (பெட்டி காலியானால் மட்டுமே மீண்டும் உற்பத்தி செய்யச் சொல்லும் அட்டைகள்) கணக்கிட்டு ஓட்டிக் காட்டினார். மணிக்கு 60 பாகங்கள் தேவை, மீண்டும் நிரப்ப 2 மணி நேரம், பாதுகாப்புக்காக 25 சதவீதம் கூடுதல், ஒரு பெட்டியில் 20 பாகங்கள் என்று வைத்துக்கொண்டால் ஏழரை வரும். ஆகவே எட்டு அட்டைகள். எட்டு அட்டைகளும் நிரம்பிய பெட்டிகளில் இருந்தால் இயந்திரம் அந்தப் பாகத்தைத் தொடக் கூடாது. சும்மா நிற்கும் இயந்திரத்தைப் பார்த்துப் பதறிப் பழகிய எங்களுக்கு இந்தக் கடைசி விதிதான் ஏற்க மிகக் கடினமாக இருந்தது. ஆனால் அந்த ஒரு பாகக் குடும்பத்தில் தட்டுகள் குறைந்ததையும், அவசர ஆர்டருக்காக ஓடும் வேலையை நடுவில் நிறுத்துவது அரிதானதையும் எல்லோரும் கண்ணால் கண்டார்கள். சேவையின் தொடக்கத்திலேயே நடந்திருக்க வேண்டியது இது.

தொழிலாளர்களிடம் சிறு முன்னேற்ற யோசனைகளைக் கேட்டு வாங்கும் கைசன் திட்டத்தில் சேவை சுமாராகவே இருந்தது. ஒவ்வொருவரும் மாதத்துக்கு இத்தனை யோசனைகள் தர வேண்டும் என்று இலக்கு வைத்து, பிரிவு வாரியாகப் பலகையில் மதிப்பெண் எழுதினார்கள். எண்ணிக்கை ஏறியது, ஒரே யோசனை இரண்டு சீட்டுகளாகப் பிரிந்து வருவதும் ஏறியது. தொழிலாளி ஒருவர் யோசனை சொல்வதை நிறுத்துவது யோசனை தீர்ந்துபோவதால் அல்ல. சொன்னதற்குப் பதில் வராததால்தான். கடைந்த பாகம் முழங்கை உயரத்தில் வந்து விழும்படி ஒரு சரிவுத் தட்டு வேண்டும், குனிந்து குனிந்து இடுப்பு வலிக்கிறது என்று ஒரு பெண் ஆபரேட்டர் எழுதிய சீட்டுக்கு டூல் ரூம் அன்று பிற்பகலிலேயே தகரத்தை வளைத்துத் தட்டு செய்து கொடுத்தது. அதற்குப் பிறகு அந்த லைனில் வந்த யோசனைகளின் தரமே மாறியது. கூலன்ட் வழிந்து தரை வழுக்குகிறது, கேட்ச் தட்டு வாங்க வேண்டும் என்ற மற்றொரு சீட்டு கொள்முதல் பிரிவில் தங்கியதால், அதை எழுதியவர் நெடுநாள் எதுவும் எழுதவில்லை. பலகையில் எழுத வேண்டியது, சீட்டு வந்த நாளுக்கும் பதில் சொன்ன நாளுக்கும் இடையிலான இடைவெளி. நாங்கள் கேட்டுக்கொண்ட பிறகு அந்தக் கட்டத்தைப் பலகையில் சேர்த்தார்கள். சிறு செலவுள்ள யோசனைகளுக்கு நேரடி சூப்பர்வைசரே ஒப்புதல் தரலாம் என்ற விதியும் அப்போதுதான் வந்தது.

லைனில் சிக்கல் என்று அறிவித்து உதவி கேட்கும் ஆண்டான் விளக்குகளிலும் இதே குறை இருந்தது. பிழை நேர்ந்தால் நின்றுவிட வேண்டும் என்ற கொள்கை டொயோட்டாவுக்கு நெசவிலிருந்து வந்தது. சகிச்சி டொயோடா 1924ஆம் ஆண்டில் நிறைவு செய்த தானியங்கித் தறி, நூல் அறுந்தவுடன் தானாக நின்றது. எங்கள் லைனில் மூன்று நிற விளக்குகளும் அழைப்புப் பொத்தான்களும் நேர்த்தியாகப் பொருத்தப்பட்டன. ஆனால் மஞ்சள் விளக்கு எரிந்தால் யார், எவ்வளவு நேரத்துக்குள் வர வேண்டும் என்பது தீர்மானிக்கப்படவில்லை. சூப்பர்வைசர் கூட்டத்தில் இருந்த நாட்களில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சில வாரங்களில் ஆபரேட்டர்கள் பொத்தானை அழுத்துவதையே விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் பெயர் குறித்த மாற்று ஆள் ஒருவரை நியமித்து, லைன் நேரத்தில் வேறு கூட்டங்களுக்கு அவரை அழைக்கக் கூடாது என்று வைத்த பிறகே பொத்தான் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது.

பயிற்சித் தாள்களைப் பாராட்டியே ஆக வேண்டும். வேலையின் படி, அந்தப் படியில் கவனிக்க வேண்டிய நுட்பம், அந்த நுட்பத்துக்கான காரணம் என மூன்று பத்திகளாக அவை எழுதப்பட்டிருந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் உருவாகி, போருக்குப் பின் ஜப்பானுக்குச் சென்ற தொழிலகப் பயிற்சித் திட்டத்திலிருந்து வளர்ந்த வடிவம் இது. காரணப் பத்தி இருப்பதால் புதியவர்கள் நுட்பத்தை மனப்பாடமாகச் செய்யாமல், புரிந்து செய்கிறார்கள். தேவைப்படும்போது அதைவிட நல்ல வழியை முன்வைக்கவும் அந்தப் பத்தியே இடம் தருகிறது.

சேவையின் மிகப் பெரிய நற்செயல் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே நடந்தது. முன்னேற்றப் பணியால் மிச்சமாகும் ஆட்கள் எவரும் வேலை இழக்க மாட்டார்கள் என்று நிர்வாகம் எழுத்தில் அறிவிக்காவிட்டால் தாங்கள் தொடங்க மாட்டோம் என்று ஆலோசகர்கள் உறுதியாக நின்றார்கள். ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் இணைந்து 1984ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் உற்பத்தியைத் தொடங்கிய நும்மி ஆலை, எண்பதுகளின் பிற்பகுதியில் விற்பனை சரிந்தபோது தொழிலாளர்களை வெளியேற்றாமல் பயிற்சியிலும் கைசன் பணியிலும் ஈடுபடுத்தியதை நிர்வாகத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். தன் வேலையைத் தானே குறைத்துக் காட்டும் காணொளிக்கு ஓர் ஆபரேட்டர் சம்மதிப்பது இந்த உறுதிமொழி இல்லாமல் நடக்காது. அசெம்பிளியில் மிச்சமான இருவர் இன்று முழுநேரம் ஃபிக்ஸ்சர் மேம்பாட்டில் இருக்கிறார்கள். செட்டப் பணி மற்ற இயந்திரங்களுக்குப் பரவியது அவர்களால்தான்.

கட்டண முறையில் ஓர் எச்சரிக்கை. அடிப்படைக் கட்டணத்தோடு, காட்டப்பட்ட சேமிப்பில் ஒரு பங்கும் அவர்களுக்குச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. சேமிப்பை நிமிடங்களில் கணக்கிடும்வரை, கிடங்கில் ஏறும் இருப்புக்கும் சேர்த்தே நாம் பங்கு கொடுத்துக்கொண்டிருப்போம். இத்தகைய பங்கு வேண்டுமென்றால், அதை ஆர்டர் வந்த நாளிலிருந்து பொருள் வெளியேறும் நாள்வரையுள்ள கால அளவோடும், இருப்பின் மதிப்போடும் இணைக்க வேண்டும். இவ்விரண்டும் குறையாமல் மிச்சமான நிமிடங்களுக்குப் பணம் தரக் கூடாது.

ஒரே பாகங்கள் திரும்பத் திரும்ப வரும், அடிக்கடி மாற்றியமைக்க வேண்டிய தொழிற்கூடங்களுக்கு இச்சேவையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு ஆர்டரும் வெவ்வேறாக இருக்கும் ஒற்றைப் பணிக் கூடங்கள், இதே முறையை அப்படியே வாங்காமல், கையெழுத்திடும் முன் ஆலோசகரை ஒருநாள் தளத்தில் நிற்கவைத்து, தங்கள் சூழலுக்கு எதை மாற்றுவார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தை இரண்டாம் ஆண்டுக்கு நீட்டித்திருக்கிறோம். இம்முறை திட்டமிடல் அலுவலகமும் கொள்முதல் பிரிவும் எல்லைக்குள் வருகின்றன. மாத அறிக்கையின் முதல் பக்கத்தில் சேமித்த நிமிடங்களுக்குப் பதிலாக, ஒவ்வொரு பாகக் குடும்பத்தின் தொகுதி அளவும் இருப்பு நாட்களும் இடம்பெற வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறோம்.